மூலையில் ஒரு புள்ளி

“பீரோவைத் தொட்டாயா, காந்தா?”

“தூசு தட்டுனேன், டீச்சரம்மா. தெனமும் தட்டறதுதானே.”

“ஈரக் கையோடா?”

காந்தா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். “என் கையி எப்பத்தான் காஞ்சி கீது? ஆனா பீரோவாண்ட ஈரக் கையோட போமாட்டேன்.”

ஞானாம்பாள் நம்பவில்லை. முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்தவள். பொய் சொல்லும் முகத்தை வகுப்பு வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவாள் என்று பெயர். ஓய்வுபெற்றபின், ராஜகீழ்ப்பாக்கம் குடியிருப்போர் சங்க நூலகத்தின் பொறுப்பை ஏற்றிருந்தாள். அங்கிருந்த கண்ணாடி பீரோவில், நூறாண்டு கடந்த நூல்கள் இருபத்தேழு. அவற்றை வரி விடாமல் படித்து, ஒவ்வொன்றுக்கும் விளக்கக் குறிப்பு எழுதி வந்தாள்.

சில மாதங்களாக அந்த நூல்களில், பக்கத்துக்குப் பக்கம், கீழ் மூலையில் பழுப்புப் புள்ளிகள். தொட்ட இடத்தில் தாள் பொடியாய் உதிர்ந்தது.

காந்தா வேலைக்கு வந்ததும் சில மாதங்களுக்கு முன்புதான். காலையில் சாலைச் சந்திப்பருகே மீன் விற்பாள். பத்து மணிக்கு நூலகத்தைப் பெருக்கித் துடைக்க வருவாள். கல்லூரியில் படிக்கும் அவள் மகள் நிஷா, மாலை வேளைகளில் நூலகத்திலேயே உட்கார்ந்து பாடம் படிப்பாள்.

“மீன் கழுவிய கையின் ஈரம். எனக்கு ஐயமே இல்லை. நீங்கள் அதை உறுதி செய்தால் போதும்,” என்று ஜெரூஷாவிடம் சொன்னாள் ஞானாம்பாள். பழைய நூல்களையும் சிற்பங்களையும் அரிக்கும் கிருமிகளை, அவற்றின் டிஎன்ஏவை வைத்து அடையாளம் காணும் ஆராய்ச்சியாளர் ஜெரூஷா. சங்கத்தின் அழைப்பின்பேரில் வந்திருந்தாள்.

ஒவ்வொரு நூலாக எடுத்து, பஞ்சுக்குச்சியால் பக்க மூலைகளை அவள் மெல்ல வருடினாள்.

“தாள் ஏதும் பிய்ந்துவிடாதே?”

“பிய்யாது மேடம். பஞ்சுல ஒட்டுறதே போதும்.”

ஆயினும், அவள் முடித்தபின் ஞானாம்பாள் நூல்களை இருமுறை எண்ணிய பிறகே பீரோவைப் பூட்டினாள்.

“என்ன கிருமி என்று தெரிந்தால் மட்டும் போதாது. யாருடைய கை என்று தெரியவேண்டும்.”

“அதையும் பாக்கலாம் மேடம். ஆனா இங்க புழங்குற எல்லாரோட மாதிரியும் வேணும். கன்னத்துக்கு உள்பக்கம் பஞ்சால ஒரு தடவு, அவ்வளவுதான்.”

“இன்னா டீச்சரம்மா, இது போலீஸ் கேசா?” என்றாள் காந்தா.

“குற்றமில்லாதவளுக்கு என்ன தயக்கம்? ஜெரூஷா, முதலில் என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள். பாரபட்சம் காட்டினேன் என்று பேச்சு வரக்கூடாது.”

ஞானாம்பாள், காந்தா, மாலையில் வந்த நிஷா, மூவரும் வாயைத் திறந்து காட்டினார்கள்.

“முடிவு வரும்வரை பீரோ பக்கம் போகாதே, காந்தா. உனக்கு எதிராக வந்தால் நீயும் வரவேண்டாம். உன் மகளும் வரவேண்டாம்.”

“என்னை வுடுங்க. வூட்ல நாலு பேரு படுக்கவே எடம் பத்தல. அது படிக்கறதுக்கு வேற எங்க போவும்?”

ஞானாம்பாள் பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து, ஜெரூஷா அறிக்கையுடன் வந்தாள். ஞானாம்பாள் காந்தாவை அழைத்து எதிரே நிறுத்தினாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முதல் பக்கத்தை உரக்கப் படித்தாள்.

“‘புள்ளிகளுக்குக் காரணம் ஒருவகைப் பூஞ்சை. அது பிடித்துக்கொள்ள இடம் கொடுத்தது மனித எச்சில். மனித வாயில் வாழும் நுண்ணுயிர்களின் டிஎன்ஏ, இருபத்தேழு நூல்களிலும் சோதித்த எல்லா மூலைகளிலும் கிடைத்துள்ளது. எச்சில் முழுவதும் ஒரே நபருடையது.’”

அவள் முகம் அருவருப்பில் சுருங்கியது.

“எச்சில். கலைமகளின் மேல் எச்சில். வெறும் மீன் ஈரம் என்றல்லவா நினைத்தேன்?”

“எனக்கு எழுத்தே தெரியாது, டீச்சரம்மா. பொஸ்தகத்த நான் எதுக்குப் பொரட்டப்போறேன்?”

“உன் மகளுக்குத் தெரியுமே.”

காந்தா புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு ஜெரூஷாவைப் பார்த்தாள்.

“மேடம், அந்தப் பொண்ணைப் பத்தி...” என்று தொடங்கினாள் ஜெரூஷா.

“நீங்கள் பரிந்து பேசவேண்டாம். விவரம் அடுத்த பக்கத்தில் இருக்குமல்லவா? பெயரை நானே படிக்கிறேன். இவள் காதால் கேட்கட்டும்.”

ஞானாம்பாள் ஆட்காட்டி விரலை நாக்கில் தொட்டு, தாளின் கீழ் மூலையில் வைத்துப் புரட்டினாள்.

அடுத்த பக்கம் வெறுமையாக இருந்தது.

“பேரைப் போட எனக்கு மனசு வரலை, மேடம்,” என்றாள் ஜெரூஷா.