அறுபது வயசு கிதார்

"நூறு வருஷம் வேணுமா சார், இருநூறு வேணுமா? இருநூறுன்னா ரெண்டு நாள் கூட ஆகும்" என்றான் சங்கிலிப்பாண்டி.

கொச்சி மட்டாஞ்சேரியில் பழம்பொருள் விற்கும் கடை ஒன்றின் பின்கட்டு அது. முன்கட்டில் அரண்மனைக் கட்டில், போர்ச்சுக்கீசியர் நாற்காலி என்று சீட்டுத் தொங்கும் சாமான்களெல்லாம் போன மாதம்தான் இங்கே பிறந்தவை. சங்கிலிப்பாண்டி விருதுநகரிலிருந்து வந்து பதினைந்து வருஷமாகிறது. புது மரத்தை சைக்கிள் செயினால் அடித்து, பால் விடாத கட்டன் சாயாவில் குளிப்பாட்டி, ஷூ பாலிஷ் தேய்த்து வயசு ஏற்றுவதுதான் அவன் தொழில்.

"அறுபது போதும்" என்று ஆனந்தகுமார் பெட்டியைத் திறந்தான்.

உள்ளே புத்தம்புது எலக்ட்ரிக் கிதார். செமி ஹாலோ. பாதி கூடு, பாதி கட்டை. மேலே வயலினில் இருப்பது போல எஃப் வடிவத்தில் இரண்டு துளைகள். களமசேரியில் ஸ்டோர்ஸ் கீப்பராக இருக்கும் ஆனந்தகுமார் மூன்று வருஷம் சீட்டுக் கட்டி வாங்கியது.

ஆனால் அவன் மனசு வேறொன்றின் மேல் இருந்தது. நண்பன் சேவியரிடம் இதே மாதிரி, இதே சிவப்பில் ஒன்று உண்டு. 1964இல் அமெரிக்காவில் செய்தது. எட்டு வருஷத்துக்கு முன் ஃபோர்ட் கொச்சிக்கு வந்த ஒரு வெள்ளைக்காரச் சாயிப்பு, ஊர் திரும்ப டிக்கெட்டுக்குப் பணமில்லாமல் கொடுத்துவிட்டுப் போனதாம். சாயிப்பின் ஊர் மட்டும் சேவியரின் வாயில் ஒரு நாள் சிகாகோ, ஒரு நாள் டெக்சஸ். அந்தக் கிதாரில் பெல்ட் உரசிய தழும்பு, சிகரெட் சுட்ட வடு, ஒவ்வொன்றுக்கும் இன்றைக்கு விலை. வயசானால் மவுசு ஏறுவது கிதாருக்கு மட்டும்தான், நமக்கெல்லாம் இல்லை.

விலைக்குக் கேட்டும் பார்த்தாயிற்று. "கிட்னியைக் கேளுடா, தரேன். இவளைக் கேக்காதே" என்றுவிட்டான் சேவியர்.

அதனால்தான் இந்தப் பின்கட்டு.

ஆனந்தகுமார் போனில் சேவியரின் கிதார் படங்களைக் காட்டினான். சங்கிலிப்பாண்டி ஒரே தடவை பார்த்தான். சிரித்தான்.

"போதும் சார், கண்ணுக்குள்ளயே நிக்குது. வெள்ளிக்கிழமை வாங்க."

"யாருக்கு, எதுக்குன்னு கேக்கமாட்டியா?"

"கேக்கவும் மாட்டேன், சொல்லவும் மாட்டேன். இந்தத் தெருவுல அதான் சார் தொழில் தர்மம்."

வெள்ளிக்கிழமை ஆனந்தகுமார் வந்து பெட்டியைத் திறந்தான். அறுபது வருஷம் குடித்து, அழுது, ரயிலேறி அலைந்து திரும்பியது போலிருந்தது கிதார். வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தவன், துளைக்குள் எதையோ கண்டு அலறினான்.

"எந்தா இது? உள்ளே பென்சில்ல 'உ'ன்னு!"

"பிள்ளையார் சுழி சார். அதப் போடாம நான் எந்த மரத்திலயும் கை வைக்கிறதில்ல."

"அமெரிக்கக் கிதாருக்குள்ள பிள்ளையார் சுழியா? அழிச்சுடப்பா!"

"அழிச்சா எனக்குக் கை விளங்காது. போர்ச்சுக்கீசியர் நாற்காலிக்கு அடியிலயே இருக்கு, ஒருத்தனும் குனிஞ்சு பாக்கல. இதுக்குள்ள எவன் டார்ச் அடிக்கப் போறான்?"

ஆனந்தகுமார் வேறு வழியில்லாமல் காசை எண்ணிக் கொடுத்தான். இன்னொரு வேலையும் பாக்கி இருந்தது. ஐந்து வருஷத்துக்கு முன் சேவியர் கம்பி மீட்டும் பச்சை பிக் ஒன்று துளை வழியாக உள்ளே விழுந்து, இன்றுவரை கிதாரைக் குலுக்கினால் கடகடக்கும். இவன் கையில் அகப்பட்டது ஒரு வெள்ளை பிக். கடகடத்தால் போதும், நிறத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று அதைத் தன் கிதாருக்குள் போட்டான்.

ஞாயிறு மதியம். மிளகு கிட்டங்கிக்கு மேலே சேவியரின் மாடி அறை. இருபது வருஷமாக ஞாயிறுதோறும் இருவரும் வாசிக்கிற இடம். "கம்பி அறுந்துபோச்சு, போற வழியில மாட்டணும். இன்னிக்கு நான் கேக்கறேன், நீ வாசி" என்று பெட்டியை மூலையில் சாய்த்தான் ஆனந்தகுமார்.

சேவியர் சாயாவும் பழம்பொரியும் வாங்கக் கீழே இறங்கினான். திரும்ப ஆறு நிமிஷம் ஆகும். நாலு ஞாயிறாகப் பார்த்து வைத்த கணக்கு. இரண்டே நிமிஷத்தில் ஸ்டாண்டில் இருந்தது பெட்டிக்குள், பெட்டிக்குள் இருந்தது ஸ்டாண்டில்.

வந்த சேவியர், வாய் நிறையப் பழம்பொரியோடு கிதாரை எடுத்தான். உள்ளே கடகடத்தது. துளையில் கண்ணை வைத்தான்.

"போன்ல டார்ச் அடிடா. இந்தப் பிக்கை இன்னிக்கு எடுத்துடலாம்."

"சார்ஜ் இல்லடா" என்றான் ஆனந்தகுமார். அன்றைய இரண்டாவது பொய்.

"போகட்டும், விடு." சேவியர் வாசிக்க ஆரம்பித்தான். மெதுவாகக் கண் மூடியது.

"எடா ஆனந்தா, இவ இன்னிக்கு என்னமா பாடறா! எட்டு வருஷத்துல இப்படிப் பாடினதே இல்லடா." நிஜமாகவே கண் கலங்கியிருந்தது. "நீ எதிர்ல இருந்தாத்தான் இவளுக்கு மனசு வருது போல. மிச்சப் பழம்பொரி ரெண்டும் உனக்குத்தான், எடுத்துக்கோ."

எடுத்த பழம்பொரியைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான். கிதாரைத் திருப்பி மாற்றி வைத்துவிடலாமா என்று ஆனந்தகுமார் ஒரு கணம் நினைத்தான். ஒரு கணம்தான்.

வீட்டுக்கு வந்ததும் அறையைத் தாழிட்டுக்கொண்டான். பெட்டியைத் திறந்து, சிகரெட் வடுவை விரலால் தடவினான். 1964! உள்ளேயும் ஒருமுறை கண்ணாரப் பார்த்துவிட ஆசை. போன் டார்ச்சைத் துளைக்குள் அடித்தான்.

முதலில் தெரிந்தது பச்சை பிக். சேவியருடையதேதான், சந்தேகமே இல்லை.

அதற்குப் பக்கத்தில், பென்சிலில், அழகாக ஒரு பிள்ளையார் சுழி.