கம்பி பூட்டிக்கொண்டது

'டக்'. ராட்டினப் பெட்டியின் பாதுகாப்புக் கம்பி அக்காவின் மடிக்கு மேலே கச்சிதமாகப் பூட்டிக்கொள்கிறது. போன வருஷம் இதே கம்பி அவள் வயிற்றில் முட்டி நின்றபோது வரிசையே சிரித்தது. இரைப்பையைச் சின்னதாக்கிய ஆபரேஷனுக்குப் பிறகு இன்று பாதி ஆளாக வந்து உட்கார்ந்திருக்கிறாள். "பூட்டிருச்சுடீ!" "கத்தாதக்கா, எல்லாரும் பாக்கறாங்க," என்று பக்கத்தில் தங்கை சிரிக்கிறாள். "பாக்கட்டும்! அன்னிக்கும் பாத்தாங்கல்ல?" சாயங்கால வெயில் கம்பியில் பட்டுக் கண் கூசுகிறது. ஒலிபெருக்கி அலறுகிறது. அக்காவின் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. நடுவில் ஒரு துடிப்பு காணாமல் போய், அடுத்தது திம்மென்று விழுகிறது. விரல் நுனிகளில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. "என்னக்கா, பயமா?" "சந்தோஷம்டீ!" "சத்து மாத்திரைய விடாமப் போடறேல்ல?" அக்கா ராட்டினக்காரரைப் பார்க்கிறாள். சாப்பாட்டுச் சத்து இனி உடம்பில் சரியாக ஒட்டாது, மாத்திரையை நிறுத்தினால் இதயமே தடுமாறலாம் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். அதுதான் இளைத்தாயிற்றே என்று அவள் டப்பாவை மூடி வைத்து மாதக்கணக்காகிறது. ராட்டினக்காரர் விசையில் கை வைக்கிறார். மறுபடியும் ஒரு துடிப்பு தவறுகிறது. "அண்ணே, நிறுத்துங்க! கம்பியத் தொறங்க!" "இன்னும் கெளம்பவே இல்லையேம்மா?" "அதுக்குத்தாண்ணே பயப்படறேன். நெஞ்சு முன்னாடியே கெளம்பிருச்சு." 'டக்'. கம்பி திறக்கிறது. வரிசையில் யாரோ சிரிக்கிறார்கள். அக்கா தங்கையின் தோளைப் பற்றிக்கொண்டு இறங்குகிறாள். "மாத்திரைய விட்டுட்டேன். ஆஸ்பத்திரிக்கு விடுடீ வண்டிய!"