மேகத்துக்குள் ஒரு தேர்வு

"சார், இடது பக்கம் சாயுது—" "மீட்டர் என்னம்மா சொல்லுது?" "மீட்டர்ல நேராத்தான் இருக்கு, ஆனா என் உடம்பு—" "உடம்புக்கா லைசென்ஸ் குடுக்கப் போறேன்?" என்று பக்கத்து இருக்கையிலிருந்து தேர்வாளர் அவள் பேச்சை வெட்டுகிறார். விமானத்தின் கண்ணாடிக்கு வெளியே மேகம் சுண்ணாம்பு அடித்த சுவராக அப்பியிருக்கிறது. மேல் எது, கீழ் எது என்றே தெரியவில்லை. கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் இந்தத் தேர்வில் இரண்டு தடவை உடம்பின் பேச்சைக் கேட்டு விமானத்தைத் திருப்பிக் கோட்டை விட்டவள் அவள். இது கடைசி வாய்ப்பு. இடப்பக்கம் சாய்வதாகத் தோன்றுவதைச் சரிக்கட்ட, கழுத்து தானாக வலப்பக்கம் போகிறது. திருப்பத் துடிக்கிற விரல்கள் மட்டும் பிடியிலேயே அசையாமல் இருக்கின்றன. மீட்டரில் கோடு மட்டமாக நிற்கிறது. தேர்வாளரின் பென்சில் தாளுக்கு மேலே தயங்குகிறது. "கழுத்துதாம்மா சாயுது, விமானம் நேராப் போகுது. இதுக்கு நான் எப்படி ஃபெயில் போடுறது?"