மாட்டுக் கிருமியின் சட்டை

ஃபொரேகாரியா ஊரில் அன்று மழை பெய்ததா என்பது சரியாக நினைவில்லை; தகரக் கூரை சொட்டியது மட்டும் நினைவிருக்கிறது. மசேரே வாசலில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறாள். எபோலாவில் இறந்த மாமியாரை வழக்கப்படி குளிப்பாட்டியவள் அவள். நேற்று தடுப்பூசி போட்டார்கள். இன்று உடம்பு கொதிக்கிறது. சுகாதாரப் பணியாளன் திஜானி எட்டி நின்று வெப்பமானியை நீட்டுகிறான். "மாட்டுக்கு வர்ற கிருமிக்கு எபோலாக் கிருமியோட சட்டைய மாட்டிச் செஞ்ச ஊசி அக்கா. காய்ச்சல் வரத்தான் செய்யும்." "அப்ப நாளைக்கு இவ 'ம்மா'ன்னு கத்துவா," என்கிறாள் சக்களத்தி நானா, பிணத்தைத் தொடவேயில்லை என்று சொல்லி ஊசியை மறுத்தவள். மசேரே திஜானியை நிமிர்ந்து பார்க்கிறாள். "இது ஊசிக் காய்ச்சலா, அந்தக் காய்ச்சலா தம்பி?" திஜானி வெப்பமானியையே பார்க்கிறான். நானாவின் இடுப்பிலிருந்து மசேரேயின் கைக்குழந்தை தாயிடம் தாவுகிறது. மசேரே தன் கைகளைத் தொடைக்கடியில் திணித்துக்கொள்கிறாள். ரவிக்கையில் பால் கசிகிறது.

அது ஊசிக் காய்ச்சல்தான், மசேரே பிழைத்தாள். குளிப்பாட்டும்போது மாமியாரின் தலையைத் தாங்கிப் பிடித்திருந்ததை மறைத்த நானாவும், அவள் தூக்கி வைத்திருந்த குழந்தையும் அந்த மாதமே எபோலாவில் இறந்தார்கள்.