துணைக்கு வந்தவள்

வியாழக்கிழமை வந்தால் போதும், அழுக்குத் துணியை அப்படியே போட்டுவிட்டு மகாராணி கிளம்பிவிடுவாள் என்று லாண்டரிக்காரம்மா கரித்துக் கொட்டியது வேறு யாரையுமல்ல, தான் பெற்ற மகள் குட்டியைத்தான்.

குட்டி கிளம்புவது பாப்பாவுக்குத் துணையாக. பாப்பா, லாண்டரிக்காரம்மாவின் அண்ணன் மகள். அத்தையின் லாண்டரிக் கடையில்தான் வேலை. அப்பா மாரடைப்பில் போனதிலிருந்து பாப்பா ஆடிப்போயிருந்தாள். கவுன்சலிங் போகணும், தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, குட்டியும் வரட்டும் என்று அவள் கேட்டபோது அத்தை மறுபேச்சே பேசவில்லை.

பாப்பாவின் கண் கலங்கினால் உடனே நாற்காலி வரும், பின்னாலேயே டீ வரும். ஒருமுறை துணியில் நம்பரை மாற்றிக் கட்டி, ஒருவர் கோட்டு இன்னொருவர் வீட்டுக்குப் போய்விட்டது. பிள்ளைக்கு மனசு சரியில்லை என்று அத்தையே இரண்டு வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டு மாற்றிக் கொடுத்தாள்.

அதே தப்பைக் குட்டி செய்தால் கடை ரெண்டுபடும்.

குட்டியும் கொஞ்ச காலமாக எதிலும் ஒட்டுவதில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவாள். தலை வாருவதில்லை. நாலு தடவை கூப்பிட்டால்தான் திரும்புவாள்.

"அவளுக்காவது அப்பா போயிட்டாரு. உனக்கு என்னடி குறை? நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன்ல?"

குட்டி வாயைத் திறக்க மாட்டாள். லாண்டரிக்காரம்மாவுக்கு அதுவும் திமிராகவே பட்டது.

அந்த வியாழக்கிழமை டெலிவரிக்காரர் மட்டம் போட்டுவிட்டார். கிளினிக்குக்குத் தர வேண்டிய வெள்ளைக் கோட்டுகளை லாண்டரிக்காரம்மாவே தூக்கிக்கொண்டு போனாள். கவுன்சலிங் அந்தக் கிளினிக்கின் மாடியில்தான். துணைக்குப் போனவள் ஒழுங்காகத் துணையிருக்கிறாளா, இல்லை போனை நோண்டிக்கொண்டிருக்கிறாளா, ஒரு எட்டுப் பார்த்துவிடலாம் என்று படியேறினாள்.

பெஞ்சில் பாப்பா மட்டும் இருந்தாள். மடியில் இரண்டு பேருடைய கைப்பையும்.

"நெனச்சேன். உன்னை உக்கார வெச்சுட்டு அவ ஊர் சுத்தப் போயிட்டாளா?"

பாப்பா பதறி எழுந்தாள். மூடியிருந்த கதவைப் பார்த்தாள். "இல்ல அத்தை. உள்ள இருக்கா."

"உள்ள அவளுக்கு என்ன வேலை? நீதானே போகணும்?"

"முதல் நாள்லேருந்து அவதான் போறா. நான்தான் துணைக்கு வர்றேன்."

லாண்டரிக்காரம்மா கோட்டு மூட்டையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

பாப்பா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அப்பா போனப்போ எனக்கு எப்படி இருந்துச்சோ, அவளுக்கும் அப்படியேதான் இருக்கு அத்தை. யாரும் சாகல, அவ்வளவுதான். எனக்காவது அப்பாவை நெனச்சு அழுதா கொஞ்சம் லேசாகுது. அவளுக்கு எதை நெனச்சு அழறதுன்னே தெரியல. காலையில எதுக்கு எழுந்திருக்கணும்னு என்னைக் கேட்டா. பயந்துட்டேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

"என்ன குறைன்னு கேப்பீங்க. அவகிட்ட பதில் இல்ல. நான் அழுதா மட்டும் யாரும் ஏன்னு கேக்கறதில்ல. அதான் என் துக்கத்துல அவளையும் சேத்துக்கிட்டேன்."

லாண்டரிக்காரம்மா பாப்பாவைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தாள். அப்பனைப் பறிகொடுத்த பிள்ளை, அந்த நிலைமையிலும் தன் மகளைக் கைபிடித்து இங்கே கூட்டி வந்திருக்கிறது. பெற்றவளான தனக்கு அது தோன்றவில்லை. பாப்பாவின் கன்னத்தைத் தடவினாள்.

"என் வயித்துல பாலை வார்த்திருக்கே. நீ நல்லா இருக்கணும் கண்ணு."

கதவு திறந்தது. அம்மாவைக் கண்டதும் குட்டிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"பாப்பாவுக்குத்தாம்மா... நான் சும்மா..."

லாண்டரிக்காரம்மா பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள்.

"வந்து உக்காரு. ஏன்னு கேக்க மாட்டேன்."