காலிப் பெட்டி

தொண்ணூற்றிரண்டு வெள்ளி நாற்பது காசு. தியாகு தர வேண்டியது அவ்வளவு.

சட்டைப் பையில் கிடந்த சீட்டைப் பொன்னுதுரை இன்னொரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டான். தார் ரோடு போடுகிற கை. நாற்பது வயதுக்கு மேல் தொழிலாளர் யூனியன் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் பழகி, யார் துணையும் இல்லாமல் அந்தக் கை எழுதிய முதல் கடன் சீட்டு அது.

அவன் பெண்டாட்டி ருக்மணிக்கு அது கடனும் இல்லை, சீட்டும் இல்லை. பன்னிரண்டு தகரம், ஒரு பொட்டலம் ஆணி. ஒழுகுகிற அத்தாப்பு ஓலைக் கூரையைப் பிரித்துவிட்டுத் தகரம் போட இரண்டு வருஷம் சேர்த்த காசு.

"படம் காட்டறானாமா? போய் நல்லா பாத்துட்டு வாங்க. மழை வந்தா நான் சட்டியத் தூக்கிக்கிட்டு அலையறேனே, அதையும் ஒரு படம் புடிக்கச் சொல்லுங்க" என்றுதான் இன்றைக்கும் அனுப்பிவைத்தாள்.

காஜா பேராங் வட்டாரத்தில் இப்ராஹீம் பாய் துணிக்கடையின் பின்னறை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சன்னலுக்குச் சாக்குக் கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். சுவரில் பாய் கொடுத்த மல்துணி. மேசையில் வாடகைக்கு எடுத்த ப்ரொஜெக்டர். அதன் பக்கத்தில் தியாகுவின் கேமரா, ஊருக்குக் கப்பலேறிய வெள்ளைக்காரத் துரை ஒருவர் அரைவிலைக்குத் தள்ளிவிட்டுப் போனது.

தியாகு போட்டோக் கடையில் படம் கழுவுகிறவன். மெர்டேக்கா என்று சுதந்திரக் கொடி ஏறிய வாரம் வந்து நின்று, "நாடே நம்ம கைக்கு வந்துருச்சு, ஒரு சின்னப் படம் வராதாண்ணே?" என்று கேட்டான். ஐந்து பிலிம் சுருள் வாங்க இவ்வளவு, சிங்கப்பூருக்கு அனுப்பிக் கழுவ இவ்வளவு என்று கணக்கும் சொன்னான். அந்தப் பேச்சில் மயங்கிக் கொடுத்ததுதான்.

கொடுத்த மறுநாளே சந்தேகம் பிடித்துக்கொண்டது.

பண்டார் ஹிலிர் கடற்கரையில் படம் பிடித்த அன்று, அரைநாள் வேலை முடிந்து, கைகூடக் கழுவாமல் பார்க்கப் போனான். நடிக்க வந்த சீதா கேமராவைக் கண்டு கூசினாள். "பயப்படாதே, இப்ப உள்ள சுருளே இல்ல, சும்மாதான் ஓடுது" என்று தியாகு அவளிடம் மெல்லச் சொன்னது பொன்னுதுரை காதிலும் விழுந்தது.

சும்மா ஓடுகிறதா? அப்போ நம்ம காசு எங்கே ஓடுகிறது?

கொஞ்ச நேரம் கழித்துத் தியாகு ஒரு கறுப்புத் துணிக்குள் கையை விட்டு என்னவோ மாட்டினான். அதுவும் வேஷம் என்றே பட்டது. மூன்று மாதமாக மனசுக்குள் ஒரே பேச்சு. காலிப் பெட்டி, காலிப் பெட்டி.

இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்றுதான் வந்து உட்கார்ந்திருந்தான்.

ப்ரொஜெக்டர் விளக்கு எரிந்தது. துணியில் சீதா நடந்தாள்.

நிஜமாகவே நடந்தாள். முந்தானை காற்றில் படபடத்தது. அவளுக்கு அண்ணனாக நடித்த சேதுபதி தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அட, நம்ம புள்ளைங்க!" பாய் தொடையைத் தட்டினார்.

பொன்னுதுரை இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தான்.

அண்ணன் கப்பலுக்குப் புறப்படுகிறான். தங்கை கையைத் தூக்குகிறாள். இந்த இடத்துக்காகத்தான் படமே என்று தியாகு நூறு தடவை சொல்லியிருக்கிறான்.

தூக்கிய கையின் ஓரத்தில் வெள்ளையாக எதுவோ எட்டிப்பார்த்தது. அது பரவி முகத்தைத் தின்றது. கடலைத் தின்றது. அப்புறம் சுவரில் துணி மட்டும் இருந்தது.

"என்ன தம்பி, பால் கொட்டிருச்சா?" என்றார் பாய்.

தியாகு சிரிக்கவில்லை. "யாரோ கேமரா மூடியத் திறந்திருக்காங்க பாய். கழுவறதுக்கு முன்னாடி வெளிச்சம் பட்டா எல்லாம் அழிஞ்சிடும்."

"மறுபடி எடுத்தா போச்சு."

"சீதாவுக்குக் கல்யாணமாகி ஈப்போ போயாச்சு. இனிமே எங்க எடுக்கறது?"

பொன்னுதுரை வெறும் துணியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கடற்கரையில் படம் பிடித்த அன்றைக்கு எல்லாரும் தேத்தண்ணி குடிக்கப் போனபோது கேமரா தனியாக நின்றது. பொன்னுதுரை கொக்கியை நெம்பினான், மூடி திறந்துகொண்டது. உள்ளே சுருள் இருந்தது. ஆனால் இழுத்து வெயிலுக்குக் காட்டினால் ஒரு படத்தையும் காணோம், வெறும் சாம்பல் பட்டை. சினிமாக் கொட்டகை வாசலில் பொறுக்கிய துண்டில்கூட ஆள் தெரியுமே! சுருள் இருந்தும் காலிதான், ஏய்க்கிறான் என்று அப்போதே முடிவு கட்டி மூடினான்.

கொட்டகையில் அவ்வளவு பெரிய விளக்கில்தானே படம் ஓடுகிறது. வெளிச்சம் அதைக் கொல்லும் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்?

"அண்ணே" என்றான் தியாகு. "மாசம் பத்துப் பத்தாக் குடுத்திடறேன். ஒரு காசு பாக்கி வைக்கமாட்டேன்."

பொன்னுதுரை சீட்டை எடுத்தான். எழுத்து எழுத்தாக ஒரு தடவை வாசித்தான். இரண்டாகக் கிழித்தான். நாலாகக் கிழித்தான். பன்னிரண்டு தகரமும் சத்தமே இல்லாமல் தரையில் விழுந்தன.

"கடன் தீர்ந்துச்சு தம்பி."

ஏன் என்று தியாகு கேட்கவில்லை.

எழுந்து போய்ச் சன்னல் சாக்கை அவிழ்த்தான். வெயில் நேராக மேசை மேல் விழுந்தது. கேமரா மூடியில், கொக்கிக்குப் பக்கத்தில், காய்ந்த தார். ஒரு கட்டைவிரல் அகலம், ரேகையோடு.

மூன்று மாதமாகத் துடைக்காமல் வைத்திருந்த அதைத் தியாகு, மண்ணெண்ணெயில் நனைத்த துணியால், மெதுவாகத் துடைக்க ஆரம்பித்தான்.