கைவரிசை

ஓவிய ஆசிரியர் தரணீதரன் தன் ஓவியங்களை வைத்து நடத்திய கண்காட்சியில், பிரேம் போட்டு மாட்டிய, கருஞ்சிவப்பு தெறித்த பனியன் துணி ஒன்றின் முன்தான் கூட்டம் நின்றது.

"கழுத்தை அறுத்த மாதிரியே இருக்குதுங்க! யாரு வேலைங்க இது?" என்றார் மீசைக்காரர் ஒருவர்.

"முழுக்க என் வேலைதானுங்க," என்றார் தரணீதரன். " ஓங்கி ஓங்கி அடிச்சேன். சுவரெல்லாம் தெறிச்சுது."

"அப்ப உங்க கூட யாராச்சும் இருந்தாங்களா?"

"ஆள் இருந்தா எனக்குக் கை ஓடாதுங்க."

மீசைக்காரர் அவரது சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதினார்.

"நான் இன்ஸ்பெக்டர். நேத்தே ஒரு துண்டு நறுக்கி லேப்ல பார்த்தாச்சு. மங்கலம் ரோட்டுல வெட்டிக் கொன்ன பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர் ஜெபக்குமாரோட ரத்தம்டா இது!"

மூக்கில் ரத்தம் வழிய, பார்க்க வந்திருந்த தன் மாணவர்கள் முன்னாலேயே தரணீதரன் அலறினார்.

"சத்தியமா என் வேலை இல்லீங்க! வேஸ்ட் துணி குடோன்ல எடைக்கு வாங்குனதுங்க. நான் பிரேம் மட்டுந்தானுங்க போட்டேன்!"